களிக்கும் கணக்கு உண்டா?

தாராபுரம் வட்டார வாசகர் ஒருவரின் கேள்வி:
“சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அரிசியை அடியோடு விட்டுவிட்டேன். இரண்டு வேளையும் ராகிக்களி அல்லது கம்மஞ்சோறுதான். சிறுதானியத்துக்கு அளவு கிடையாது, வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கலோரி, கிராம் என்று நிறுத்துத் தின்பதெல்லாம் பட்டணத்துப் பழக்கம் என்பது என் கருத்து. இதில் தவறு உண்டா?”

9 மார்ச் 2025, ஞாயிறு, இரவு

உண்டு. அதே தவற்றைச் செய்தவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 26 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். வயது 51, உயரம் 168 செ.மீ. பொங்கல் கழிந்த வாரத்தில் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 168 மி.கி., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 என்று வந்தன. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சியில் 6.5 என்ற எல்லைகளைத் தொட்டாலே நோய் என்பதால் எனக்கு வாதாட இடமிருக்கவில்லை. அன்றைய எடை 84.5 கிலோ. நம் நாட்டவருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்கிறார்கள். என்னுடையது ஏறத்தாழ 30. ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டிய இடுப்புச் சுற்றளவு 104 ஆக இருந்தது. கால்சட்டை போடுகிறவனுக்குப் பித்தான் சொல்லிவிடும். வேட்டி எவ்வளவு வயிற்றுக்கும் இடம் கொடுக்கும்.

மருத்துவர் மெட்ஃபார்மினும் சிறிய அளவில் கிளிமிபிரைடும் எழுதிக் கொடுத்து, ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் உணவை அடக்கச் சொன்னார். முதல் பத்து நாள்கள் நானும் உங்களைப் போலவே அரிசியை விட்டு, அம்மா கிண்டிய ராகிக்களியை இரண்டு உருண்டை, கீரைக் கடைசலோடு மனநிறைவாக உண்டேன். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி வாங்கிய அன்று, களி உண்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 214. களிக்கு எடுத்த மாவை மறுநாள் நிறுத்துப் பார்த்தபோது என் பங்கு 150 கிராம் என்று தெரிந்தது. ராகி மாவு 100 கிராமில் ஏறத்தாழ 320 கலோரி. அப்படியானால் களி மட்டுமே 480 கலோரி, அதில் மாவுச்சத்து மட்டும் 100 கிராம். ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட எவ்வளவோ அதிகம் என்பது உண்மை. ஆனால் மாவாக அரைத்து, வேகவைத்துக் கிளறிய பிறகு அது விரைவாகச் செரித்து இரத்தத்தில் சேர்கிறது.

இதற்கு மாறாக, அடுத்த வாரம் 100 கிராம் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல் என்று உண்டு பார்த்ததில் 138தான் வந்தது. சோறு 100 கிராமுக்கு 350 கலோரி என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆக, 480க்கு 214, 350க்கு 138. களி என்றாலும் சோறு என்றாலும் அளவே பேசுகிறது.

பட்டணத்துப் பழக்கம் என்றீர்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். நோய் பட்டணத்தோடு நிற்காதபோது தராசு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

10 மார்ச்

நாட்டுச்சர்க்கரை போட்டுத் தேநீர் குடிக்கலாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் உடலுக்குள் போன பிறகு அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி.

என் கணக்கில் விடுபட்டிருந்ததே தேநீர்தான். மண்டியில் ஏலம் முடிவதற்குள் ஐந்து குவளை ஆகிவிடும். குவளைக்குப் பால் 100 மி.லி. என்றால் 65 கலோரி. சர்க்கரை இரண்டு கரண்டி, 10 கிராம், 38 கலோரி. ஐந்து குவளைக்கு 500ஐத் தாண்டுகிறது. நாள் முழுவதற்கும் எனக்கு அனுமதித்த உணவில் மூன்றில் ஒரு பங்கை, உணவு என்றே நினைக்காமல் நின்றுகொண்டே குடித்துவந்திருக்கிறேன். இப்போது இரண்டு குவளை, சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கசந்தது; பிறகு பழகிவிட்டது என்று எழுதினால் பொய், இன்னும் கசக்கிறது.

13 மார்ச்

செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குக் கலோரி குறைவா என்பது காங்கேயத்து வாசகரின் ஐயம். கொப்பரைக் களங்களுக்கு நடுவே வாழ்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். மரச்செக்கானாலும் ஆலையானாலும், கடலை எண்ணெயானாலும் தேங்காய் எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. மணத்தில்தான் வேறுபாடு, மணம் கூடினால் கை தாராளமாகிறது என்பது என் வீட்டு அனுபவம்.

தாளிக்கும்போது எண்ணெயை நிறுத்துப் பார்ப்பது நடவாத காரியம். மண்டிக் கணக்கில் சரக்கைப் பார்க்க முடியாதபோது கொள்முதலையும் கையிருப்பையும் வைத்துச் செலவைக் கண்டுபிடிப்போம். அதையே இங்கும் செய்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம். எடையில் அது 4,550 கிராம். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரி உண்பவருக்கே எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்தான் ஒதுக்கியிருக்கிறது. 1,500 கலோரிக்காரன் 38 கிராம் உண்டால் மற்றதில் எதைக் குறைத்தாலும் ஈடுகட்டாது.

14 மார்ச்

திருத்தம். நேற்றைய குறிப்பை வாசித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்தார். அந்த 5 லிட்டரில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சாமி விளக்குக்கும் அம்மாவின் சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கும் போகிறதாம். ஆகவே ஆளுக்கு 30 கிராம். விளக்கு எரித்த எண்ணெயை என் வயிற்றில் பற்று எழுதிவிட்டேன்.

19 மார்ச், இரவு

இதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. நான்கு நாள்களாக எழுதத் தயங்கினேன்.

சனிக்கிழமை முற்பகல் மண்டியில் வரத்துக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். விரலி மஞ்சள் ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், மூட்டை எண்ணிக்கை, குவிண்டால், விலை. ஒரே வரிசையை மூன்று முறை கூட்டியும் மூன்று விடை வந்தது. 3 என்ற எண் 8 போலத் தெரிந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்தும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பேனா பிடித்த விரல்கள் நடுங்கின. காரணம் இல்லாமல் எதிரில் இருந்தவர் மீது கோபம் வந்தது. மூட்டை இறக்க வந்த தொழிலாளி ஒருவர்தான், “ஏனுங்ண்ணா, மூஞ்சியே வெளுத்துப் போச்சுங்களே” என்று தோளைப் பிடித்தார். பையில் இருந்த கருவியில் பார்த்தேன்: 58. தேநீர்க் கடையிலிருந்து மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு 81. அதன் பின்னரே ஒரு வாழைப்பழம் தின்றேன்.

70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மீண்டும் சோதனை என்பது முறை. மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவை எல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, என் குறிப்பேடு என்னைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது என்பதுதான்.

மார்ச் 9ஆம் தேதிக் குறிப்பில் சோறு 100 கிராமுக்கு 350 கலோரி என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது அரிசிக்கு உரிய எண்; சோற்றுக்கு உரியதன்று. அரிசி வெந்து சோறாகும்போது தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகிறது; ஆகவே 100 கிராம் சோற்றில் 130 கலோரி அளவே இருக்கும். சோறு, இட்லி இரண்டையுமே வெந்த எடையில் நிறுத்து, வேகாத எடைக்கான கலோரியால் பெருக்கி வந்திருக்கிறேன். ஏட்டில் 1,500 என்று இருந்த நாள்களில் வயிற்றுக்குள் போனது 950கூட இல்லை. அதன் மேல் கிளிமிபிரைடு வேறு. அந்த மாத்திரை உணவு குறைந்தது என்று பார்த்துத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உண்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அரிது.

100 கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் 20, 25 கிலோதான் தேறும், பச்சை எடையையும் காய்ந்த எடையையும் ஒரே ஏட்டில் கலக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பையன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். இருபத்தாறு ஆண்டு அனுபவம் என் வட்டிலுக்கு முன்னால் பயன்படாமல் போயிற்று.

மருத்துவரிடம் சொன்னேன். கிளிமிபிரைடை நிறுத்தினார், உணவைப் பாதியாகக் குறைக்கிறவன் மாத்திரை கொடுத்தவரிடம் முதலில் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். இதை வாசிக்கும் எவரேனும் நாளை முதல் உணவைக் குறைக்க எண்ணினால், இன்சுலினோ இவ்வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அளவு குறைப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

23 மார்ச், ஞாயிறு

தாராபுரத்து நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறேன். 480க்கு 350 என்று நான் காட்டிய ஒப்பீடு உண்மையில் 480க்கு 130. ஒரு கூடை களியையும் ஒரு கைப்பிடிச் சோற்றையும் நிறுத்திக் களி தோற்றது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்த வாரம் நேர்மையாக மீண்டும் செய்தேன். வேகாத நிலையில் 60 கிராம் அரிசி ஒரு நாள், 60 கிராம் ராகி மாவு இன்னொரு நாள். இரண்டு நாளும் அதே முருங்கைக்கீரைப் பொரியல், அதே அளவு பச்சைப்பயறு கடைசல், அதே பகல் ஒரு மணி. சோற்றுக்குப் பிறகு 163. களிக்குப் பிறகு 152.

எனவே உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் 150 கிராம் மாவு 214க்கும், 60 கிராம் மாவு 152க்கும் கொண்டுபோனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

24 மார்ச்

“163க்கும் 152க்கும் வேறுபாடு என்று எப்படிச் சொல்கிறீர்கள், வீட்டுக் கருவிகள் 15 விழுக்காடு வரை முன்பின் காட்டலாம் என்பது அனுமதிக்கப்பட்ட பிழையாயிற்றே” என்று ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சரிதான். அந்த 11 மி.கி. களியின் சிறப்பாகவும் இருக்கலாம், கருவியின் தடுமாற்றமாகவும் இருக்கலாம், முதல்நாள் இரவு நான் நன்றாகத் தூங்கியதாகவும் இருக்கலாம். நேற்று கொடுத்த நியாயத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். 214 மட்டும் எந்தப் பிழைக்குள்ளும் அடங்காது.

6 ஏப்ரல்

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று ஐந்து பேர் தனித்தனியே எழுதிவிட்டீர்கள். இனி யாரும் எழுத வேண்டாம்.

கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. 100 கிராம் கொள்ளில் 330 கலோரி இருக்கிறது. அளவின்றித் தின்றால் அதுவும் எடை ஏற்றும். அதன் பயன் வேறு: 100 கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம், நிறைய நார்ச்சத்து, நெடுநேரம் பசிக்காத வயிறு. புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துப் புரதத்தை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வுக் குழு 2022இல் எழுதியது. நம் வீடுகளில் அரிசியும் பருப்பும் சாதம் சமைக்கும்போது அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு. நான் இப்போது இரண்டையும் சமமாகப் போடச் சொல்கிறேன். சோறு குழைந்து பருப்புக் களி போல ஆகிறது. ஒரு வட்டில் வெள்ளரிக்காயோடு உண்டால் குறை தெரியவில்லை. இரவுக்குக் கொள்ளுப்பருப்பும் ஒரு முட்டையும். பழமொழி சொன்னவர்கள் கொள்ளுப்பருப்பின் மேல் நெய் எத்தனை கரண்டி என்று சொல்லாமல் போய்விட்டார்கள், அதை நான் சொல்கிறேன்: ஒரு சிறு கரண்டி, 45 கலோரி, அவ்வளவுதான்.

2 மே

எச்பிஏ1சி 7.3. எடை 79.1.

“நோய் முற்றிலும் திரும்பிப் போகுமா?” என்று கோபிச்செட்டிபாளையத்துப் பெண்மணி கேட்டிருந்தார். மாத்திரை இல்லாமல் மூன்று மாதமேனும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் அதை நோய்த் தணிவு என்கிறார்கள்; குணம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் எடை திரும்பினால் நோயும் திரும்பும். ராய் டெய்லர், மைக் லீன் என்ற இருவர் தலைமையில் பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்குள் நோய் கண்ட, இன்சுலின் போடாத 306 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 850 கலோரி அளவில் பானமாக மட்டுமே உணவு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தப் பாதியில் 46 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46 என்பது 36 ஆயிற்று. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதே காரணம் என்பது டெய்லரின் விளக்கம்.

அவர்கள் சராசரியாக 100 கிலோ எடையில் தொடங்கியவர்கள். நம்மவர்களுக்கோ அதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது. அந்த 850ஐ மருத்துவர் மேற்பார்வையின்றி யாரும் முயல வேண்டாம். தற்செயலாக 950இல் இருந்தபோது எனக்கு நேர்ந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

ஆறு வாரமாக எடை நகரவில்லை. 79.1, 79.4, 79.0, 79.3.

உடல் இளைக்க இளைக்க அதற்குத் தேவையான ஆற்றலும் குறைகிறது என்பதால் முன்பு 500 கலோரி துண்டு விழுந்த இடத்தில் இப்போது 350தான் விழும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி என்ற கணக்கின்படி அப்போதும் மாதம் ஒன்றேகால் கிலோவேனும் குறைய வேண்டும், குறையவில்லை. இருப்பும் ஏடும் ஒத்துவராவிட்டால் திருட்டைத் தேடு என்பது மண்டி வழக்கம்.

மே தொடக்கத்தில் என் மாமியார் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததால் மனைவி உடுமலைக்குச் சென்றுவிட்டார். அடுப்படி அம்மாவின் கைக்கு வந்தது. என் பங்கு அரிசிக்கென்று ஒரு சிறிய பித்தளை டம்ளர் வைத்திருக்கிறோம். மனைவி அதில் அரிசியை முகந்து ஆள்காட்டி விரலால் தலைவழித்துவிடுவார். சரியாக 60 கிராம் நிற்கும். நேற்றுக் காலை அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அம்மா டம்ளரை அரிசிக்குள் அமிழ்த்தி எடுத்தார். அரிசி கோபுரமாகக் குவிந்து, விளிம்பில் இரண்டு மணி உருண்டு விழுந்தது. விழுந்த மணிகளையும் பொறுக்கி மேலே வைத்தார். அதை வாங்கித் தராசில் வைத்தேன்: 84 கிராம். தலைவழித்து அளந்தால் வீட்டில் தரித்திரம் சேரும் என்பது அவர் எண்ணம். “ஏங்கண்ணு, மஞ்சளாட்டம் சோத்தையும் நிறுத்துத்தான் திங்கோணுமா?” என்று கேட்டபோது அவர் குரலில் இருந்தது கோபமன்று.

24 கிராம் அரிசி என்றால் 85 கலோரி, இரண்டு வேளைக்கு 170. எனக்குத் தெரியாமல் பருப்பின் மேல் விழுந்த நெய் இரண்டு கரண்டி, 90. ஆனால் ஏட்டில் இடித்த தொகை இதைவிடப் பெரிது. மிச்சம் அம்மாவின் கணக்கில் இல்லை, என் கணக்கில் இருந்தது. மாலையில் மண்டி மேசையில் வறுத்த கடலைக்காய் இருக்கும். கைப்பிடி என்று எண்ணி எடுப்பதை இன்று நிறுத்ததில் 32 கிராம், 170 கலோரிக்கு மேல். தொடக்கத்தில் எழுதிவந்த அதை ஏப்ரலில் எழுதுவதை விட்டேன், தின்பதை விடவில்லை. திருடன் பாதி நான்தான்.

16 ஜூன்

அம்மாவைக் குறை சொன்னதாகச் சிலர் வருந்தியிருக்கிறீர்கள். அவருக்கு வயது 76. ஆனி ஆடியில் கம்பங்கூழுக்கே வழியில்லாத ஆண்டுகளைப் பார்த்தவர். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நான் முயலவில்லை, டம்ளரை மாற்றிவிட்டேன். குவித்து அளந்தால் 60 கிராம் நிற்கும் சிறிய டம்ளர் ஒன்று பாத்திரக் கடையில் கிடைத்தது. அவர் கோபுரம் கட்டலாம்.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப் பதினெட்டு. பெரியப்பா மகன் தோட்டத்தில் கிடாவெட்டு. எடை 77.0 என்று காலையில் பார்த்துவிட்டே போனேன்.

விருந்துக்குத் தராசைக் கொண்டுபோக முடியாது. ஆனால் உண்ணும் வரிசையை மாற்ற முடியும். காயும் கறியும் முதலில், சோறு கடைசியில் என்றால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இலையில் விழுந்த வறுவலையும் வெங்காயத்தையும் முதலில் உண்டு, குழம்பில் நான்கு துண்டு எடுத்துக்கொண்டு, பிறகே சோறு வாங்கினேன், ஒரே கரண்டி. கொழுப்புத் துண்டுகளை ஓரம் வைத்தேன். ஒப்பிட்டு என்கிற போளி இரண்டு வைத்தார்கள். மாவு, பருப்பு, வெல்லம், நெய் எல்லாம் கூட்டினால் ஒன்று 280 கலோரிக்குக் குறையாது. காலிங்கராயன் வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக நடந்தால்தான் அது ஈடாகும். பாதியைத் தின்றேன். மீதி ஒன்றரையைப் பக்கத்து இலைப் பையன் வாங்கிக்கொண்டான். இரண்டு மணி நேரம் கழித்து 149.

பந்தியில் எனக்குக் கடினமாக இருந்தது உணவன்று, விசாரிப்புதான். “மாப்ள, சக்கரை வந்து இப்புடி இளைச்சுப் போயிட்டீங்களே” என்று ஒருவர் தொடங்கினால் இலைவரிசை முழுவதும் இரக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறது. 84 கிலோவாக இருந்து நோய் முற்றிக்கொண்டிருந்தபோது “ஒடம்பு நல்லாருக்குது” என்றவர்களும் இவர்களே. முயன்று குறைத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. அத்தை ஒருவர் இன்னொரு கரண்டிச் சோற்றோடு வந்து, மறுத்ததும் கண்கலங்கினார்.

10 ஆகஸ்ட்

மேலே எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது. பல்லடத்து வாசகர், தாம் எதையும் குறைக்காமலேயே இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டதாக மகிழ்ந்து எழுதியிருக்கிறார். ஐயா, அது வேறு. சர்க்கரை மிக உயர்ந்து, சிறுநீரில் வெளியேறி, உடல் தன் தசையையும் கொழுப்பையும் எரிக்கும்போதும் எடை குறையும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் உடன் இருக்கும். இந்தக் குறிப்பைப் படித்து முடிக்கும் முன்பே ஆய்வகத்துக்குப் போங்கள்.

26 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி நோம்பி முடிந்து நேற்று எடுத்த சோதனை. எச்பிஏ1சி 6.4, எடை 74.9, இடுப்பு 94. மெட்ஃபார்மின் தொடர்வதால் இதை நோய்த் தணிவு என்று சொல்ல முடியாது. குறியீடு இன்னும் 26.5. தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது; 15 கிலோ என்ற எண் எனக்கு எட்டுமா என்பதில் ஐயம் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு வரும் பசிக்கு மோர் குடித்தும் தீர்வு காணவில்லை. ஜூனில் எழுதிய துண்டுக் கணக்கும் சரியாக இல்லை என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் ஜூலைக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு கிலோ அளவில்தான் குறைந்திருக்கிறது; நான் எழுதாமல் தின்பது எங்கோ இன்னும் மிச்சமிருக்க வேண்டும்.

மனைவி திரும்பி வந்துவிட்டார். டம்ளர் அம்மாவிடமே இருக்கிறது. சென்ற வாரம் அம்மாவுக்கும் வெறும் வயிற்றில் பார்த்தோம், 118. அந்த வயதில் அதற்காக உணவைக் குறைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அம்மா அன்று மாலை தம் பங்கு அரிசியைத் தராசுத் தட்டில் கொட்டி, எண்ணைப் படிக்கச் சொல்லி, கேட்டுவிட்டு, முழுவதையும் போசியில் போட்டார்.

27 அக்டோபர்

தாராபுரத்து நண்பர் தம் எண்களை அனுப்பியிருக்கிறார். வயிறு நிறைய உண்ட களிக்குப் பிறகு 226, ஒரே உருண்டைக்குப் பிறகு 161. கலோரியைப் பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. சட்னிக்குப் போடும் தேங்காயையும் எழுத வேண்டுமா என்று மட்டும் கேட்கிறார்.

எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மூடியைத் திருவி நிறுத்ததில் 130 கிராம் இருந்தது. 100 கிராமுக்கு 350 கலோரிக்குக் குறையாது என்பதால் மூடிக்கு 450க்கு மேல். நான்கு பேருக்கு வகுத்துக்கொள்ளுங்கள். திருவும்போது வாயில் போட்டுக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது. அதை நான் இன்னும் நிறுத்துப் பார்த்ததுமில்லை, நிறுத்தியதுமில்லை.